அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் யேசுராஜ் மாதம் ஒரு தடவையாவது மைசூருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அப்படித்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தளியிலிருந்து மைசூருக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால், பெரிய மனுஷி மாதிரி ஓசூர், பெங்களூர், ராமநகரம், மண்டியா என்று வரிசையாக வழி சொல்லுவேன். அந்த வழியில் பெங்களூருக்கு அப்புறம் ஒரு மைல்கல்லைக்கூட நான் பார்த்தது கிடையாது. அவரும் பார்த்தது கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்களிடம் ஒரு பழைய பச்சைக் கார் இருந்தது. வாடகைக்கு ஓட்டுவார். தளி மேட்டு ஊர், குளிர் ஊர். கல்யாணம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் இவற்றை விட்டால் கார் வைத்துக்கொண்டு போவதற்கு யாருக்கும் காரணம் இல்லை. அப்படி இருக்கையில் இரண்டு பேருக்கு மட்டும் திடீரென்று சரித்திரத்தில் ஆசை வந்தது. ஒருவர் உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருந்த கோவிந்தப்பன். இன்னொருவர் காட்டு இலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்ற முனிவேல். திப்பு சுல்தான் கோட்டை, மகாராஜா அரண்மனை, சாமுண்டி மலை என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். மறுநாள் மதியம் கண் சிவந்து திரும்புவார்கள். ராத்திரியெல்லாம் அரண்மனை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பார்கள்.

எங்கள் பக்கம் அப்போது மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே கடைகளைத் திறந்துவிட்ட வருஷத்தில்தான் இவர்களுக்குச் சரித்திரத்தில் ஆசை வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தளியில் ஒரு பெண்ணுக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். ஏலக்காய் மணக்கிற ஆண்பிள்ளையைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதில் நான் மாட்டிக்கொண்டது என் மகளால். அருள்செல்விக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். நான் அங்கேயே தரையில் முழந்தாள்போட்டு, மைசூர் அர்ச்சியசிஷ்ட பிலோமினம்மாளுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தால், அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற வருஷம் வரைக்கும், வருஷத்துக்கு ஒரு மெழுகுதிரி, அவள் உயரத்துக்கு. பிள்ளை பிழைத்தாள்.

உயரத்துக்கு மெழுகுதிரி என்பது எங்கள் ஜனங்களிடம் இருக்கிற வழக்கம்தான். பிள்ளையை நேராக நிற்கவைத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடிப்போம். அந்த நூலே உள்ளே திரியாகிவிடும். மத்திகிரியில் கிருபாராணி என்று ஒருத்தி, அந்த நூலைத் தொங்கவிட்டு அதன்மேல் மெழுகு ஊற்றி ஊற்றிப் பருமனாக்கிக் கொடுப்பாள். அது எரிகிறபோது பிள்ளையின் அளவு சாமி முன்னால் எரிகிறது என்று அர்த்தம். கடையில் வாங்கின மெழுகுதிரியை எத்தனை கட்டு ஏற்றினாலும் அது ஆகாது.

முதல் மெழுகுதிரி தயாரானபோது என் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு சொன்னார், எப்படியும் மைசூருக்குப் போகிற வண்டிதானே, நானே கொண்டுபோய் வைக்கிறேன் என்று. என் நீலச் சேலை ஒன்றைக் கிழித்து மெழுகுதிரியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். போய் வந்து எனக்கு எல்லாம் விவரமாகச் சொன்னார். கோயிலுக்கு வானம் முட்ட ஒரே ஒரு கோபுரமாம். பிலோமினம்மாள் உயரத்தில் நின்றுகொண்டு, கையில் நங்கூரத்தோடு நம்மைக் குனிந்து பார்க்கிறாளாம். நான் கேட்டுக் கேட்டு அழுதேன். அடுத்த வருஷமும் ஒன்று கொடுத்தேன். அந்தத் தடவை பிலோமினம்மாள் சிரித்த மாதிரி இருந்ததாம்.

மூன்றாவது வருஷம், மனுஷன் நிலாவில் இறங்கிய வருஷம். அந்த ஆடியில் அருள்செல்விக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் விடாமல் அடித்தது. அந்த வாரத்தில் கூட என் வீட்டுக்காரர் மைசூர் சவாரி என்று ஒரு நாள் கிளம்பிப் போனார். பெற்ற பிள்ளை கிடக்கிற கிடையில் அரண்மனை கேட்கிறதா என்று வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். அந்தத் தடவை மட்டும் அவர் வாயில் ஏலக்காய் மணக்கவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் பிள்ளை துரும்பாக இளைத்துப்போனாள். என் நேர்ச்சையில் எங்கேயோ குறை இருக்கிறது என்று எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. எந்த வேலை செய்தாலும் அதே நினைப்புதான். அது கடைசி மெழுகுதிரி. புரட்டாசி கழித்து அவளுக்குப் புதுநன்மை. இந்தத் தடவை நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், என் கையால் ஏற்றி, என்ன குறை என்று கேட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. காவேரியில் வெள்ளம் என்றார். மண்டியாவுக்கு அப்புறம் ரோடு இல்லை என்றார். மைசூர்த் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். ரோடு இல்லாத ஊருக்கு இவர் எப்படிப் போய் வந்தார் என்று நான் கேட்கவில்லை, அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

"வண்டி எப்பிடியும் வியாழக்கெழம மைசூருக்குத்தான போவுது. முன்சீட்டுல நானும் பாப்பாவும் குந்திக்கிறோம்," என்றேன்.



வியாழக்கிழமை விடியற்காலையில் கோவிந்தப்பன் சலவைச் சட்டை போட்டு, பவுடர் பூசிக்கொண்டு வந்தார். முன்சீட்டில் என்னையும் பிள்ளையையும், என் தோளில் சாய்த்து வைத்திருந்த மெழுகுதிரியையும் பார்த்தார். அவர் நடை மெதுவானது. முனிவேல் வந்ததும் இரண்டு பேரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். வராமல் இருந்துவிடலாம் என்றால் முடியாது. இரண்டு பேர் வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று, மைசூர் சந்தனக்கட்டி, மைசூர் மல்லிகை, மத்தூர் வடை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தார்கள்.

ஏரிக்கரையில் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. ராகிக் கொல்லைகள் இரண்டு பக்கமும் கதிர் விட்டு நின்றன. தைல மரங்களுக்குள் வெயில் கோடு கோடாக இறங்கியது. எனக்கு மனசு லேசாக இருந்தது. கல்யாணமாகி வந்த பிறகு நான் ஓசூரைத் தாண்டினதே இல்லை. பேச்சுக் கொடுப்போமே என்று அரண்மனைக்கு எத்தனை வாசல் என்று பின்னால் திரும்பிக் கேட்டேன். கோவிந்தப்பன் நாலு என்றார். அதே நேரத்தில் முனிவேல் ஏழு என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு முனிவேல், மூன்று வாசல் ரிப்பேரில் இருக்கிறது என்று விளக்கம் சொன்னார். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள்.

ஓசூர் தாண்டி எல்லைச் சாவடி வந்தது. காவல் நின்றவர் வண்டியைப் பார்த்ததும் சிரித்துக் கையைத் தூக்கினார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை என் வீட்டுக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன். அந்த நேரத்தில் அவர் எனக்குச் சாமுண்டி மலை நந்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் மைசூரில் இருந்தது. கை பழகின வேலையைச் செய்துகொண்டிருந்தது. அத்திப்பள்ளி ஊர் தொடங்கினதும் வண்டி இடது பக்கம் ஒடிந்து, சின்ன மண்பாதையில் இறங்கி, ஒரு புளியமரத்தடியில் போய் அழகாக நின்றது. அவரே இன்ஜினையும் அணைத்தார். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்.

எதிரே ஓட்டுக் கூரை போட்ட ஒரு கடை. கடைக்காரர் கரியப்பன், தட்டில் கிளாசுகளும் வேகவைத்த முட்டையும் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். பாதி வழியில் என்னைப் பார்த்தார். தட்டோடு திரும்பி உள்ளே போனார். கடைக்கு மேலே கன்னடத்தில் பலகை இருந்தது. சாராயக்கடை. எனக்குக் கன்னடம் படிக்க வரும் என்பதை என் வீட்டுக்காரர் மறந்துபோயிருக்க வேண்டும்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும் மேரி," என்றார்.

இரண்டு வருஷத்துச் சரித்திரமும் எனக்கு அந்தப் புளியமரத்தடியில் விளங்கிவிட்டது. ஆனால் தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டிக்குள் சண்டை பிடிக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பிடிக்கலாம் என்று, பிள்ளையை சீட்டில் படுக்கவைத்துவிட்டு இறங்கிக் கடையின் பின்கட்டுக்குப் போனேன்.

பின்கட்டுதான் அவர்கள் வீடு. கரியப்பன் மனைவி நாராயணம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட மூத்தவள். தெலுங்கில் வா என்றாள், பலகை எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். சொம்பை அண்ணாந்து குடிக்கும்போதுதான் அவள் சாமி மாடத்தைப் பார்த்தேன். மாடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக இரண்டு மெழுகுதிரிகள் நின்றன. கீழே என் நீலச் சேலைத் துணி மடித்துப் போட்டிருந்தது. ஒன்று குட்டையாக, ஒன்று கொஞ்சம் உயரமாக, இரண்டிலும் மேலிருந்து கீழ்வரைக்கும் மஞ்சளும் குங்குமமும். தலையில் வாடின சாமந்திப்பூ.

யாருடையது என்று அவளையே கேட்டேன். ஒளிக்க அவளுக்கு என்ன இருக்கிறது, சொன்னாள். தளி டிரைவர் கொடுத்துவைத்தது, மைசூருக்குக் கொண்டுபோக வேண்டியது, அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அவர் பெண் குழந்தையின் உயரமாம். குழந்தையின் உயரத்தில் ஒன்றைக் குப்பை மாதிரி மூலையில் போடலாமா? அதனால் சாமி பக்கத்தில் நிறுத்தி வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறாளாம். கரண்ட் போன நாளில்கூட ஏற்றவில்லையாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. இரண்டு வருஷமாக என் பிள்ளை சாராயக்கடைப் பின்கட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். பிலோமினம்மாள் அங்கே வழி பார்த்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காய்ச்சல் ஏன் திரும்பி வராது? இன்னொரு தடவை வந்தால் யாரிடம் போய்க் கேட்பேன்? இரண்டு மெழுகுதிரியையும் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"பாப்ப பாகுந்தா?" என்று நாராயணம்மா கேட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறாளா என்று. நான் பதில் சொல்லவில்லை. சொம்பைக்கூட அவள் கையில் கொடுக்காமல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

வண்டிக்கு வந்து பின்கதவைத் திறந்து, முன்சீட்டில் இருந்ததையும் சேர்த்து மூன்று மெழுகுதிரிகளையும் கோவிந்தப்பன் மடிக்கும் முனிவேல் மடிக்கும் குறுக்கே வைத்தேன்.

"புடிங்க. ஒடஞ்சா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"எங்கம்மா போறோம்?" என்றார் கோவிந்தப்பன்.

"மைசூருக்குண்ணா. நீங்க எப்பவும் போற எடந்தான?"

வண்டி கிளம்பியது. பெங்களூரில் என் வீட்டுக்காரர் கலாசிப்பாளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அங்கேயே வந்து சேர்ந்தார். மைசூர் ரோடு எது என்று ஒரு குதிரைவண்டிக்காரரைக் கேட்டார். மாதாமாதம் போய்வருகிற ஊருக்கு வழி கேட்கிறவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டை தூக்குகிறவர், போலீஸ்காரர், பூக்காரி என்று ஒவ்வொருவராகக் கேட்டு ஊரை விட்டு வெளியே வந்தோம்.

ராமநகரத்தில் மொட்டைப் பாறைகள் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எழுந்து நின்றன. அருள்செல்வி எழுந்து, அப்பா நீங்க இந்த மலையைப் பத்தி ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டாள். அவர் இருமினார். சென்னபட்டணத்தில் மர பொம்மைக் கடைகள் வரிசையாக வந்தன. பிள்ளை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூவினாள். மத்தூரில் வண்டியை நிறுத்தி வடை வாங்கினோம். கோவிந்தப்பனுக்கு இரண்டு கையும் மெழுகுதிரியில் இருந்ததால் முனிவேல் ஊட்டிவிட்டார். மென்றுகொண்டே, மத்தூர் வடை தட்டையாக இருக்குமா என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவர் இதுவரைக்கும் வீட்டுக்கு வாங்கிப்போன மத்தூர் வடையெல்லாம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு உளுந்து வடை.

மண்டியாவில் கரும்புக் கொல்லைகள் தொடங்கின. என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஒவ்வொரு தபாவும் அடுத்த தபா போயிரலாம்னுதான் மேரி நெனச்சேன்."

மனுஷன் நிலாவுக்குப் போய் மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். இந்த மனுஷனால் அத்திப்பள்ளியைத் தாண்ட முடியவில்லை. அதைச் சொன்னால் அழுகை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரி இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திப்புவின் கோட்டைச் சுவர் இடிந்து கிடந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி முனிவேல் இறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். ஆயுசில் பாதி காட்டில் கழித்தேன், இப்படி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்றார். மூக்கைச் சிந்தினார். அவரை மைசூர்ப் பயணத்தில் தெளிந்த கண்ணோடு பார்த்தது அதுதான் முதல் தடவை என்று கோவிந்தப்பன் பிறகு சொன்னார்.

மைசூருக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கோயில் தூரத்திலேயே தெரிந்தது. இரண்டு கோபுரம். இரண்டும் கூர்மையாக, ஜோடியாக நின்றன. நான் அவரைப் பார்த்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்று புதிதாக முளைத்த மாதிரி.

பின்கதவைத் திறந்து பார்த்தேன். வழியெல்லாம் வெயிலில் மெழுகு இளகி, மூன்று மெழுகுதிரியும் கோவிந்தப்பனின் தொப்பை வளைவுக்கு வளைந்திருந்தன. உடையவில்லை. அவர் பாவம், மண்டியாவிலிருந்து காலை நீட்டவே இல்லை. இறங்கினதும் நொண்டினார்.

பிலோமினம்மாள் மேலே நிற்கவில்லை. பீடத்துக்குக் கீழே நிலவறை மாதிரி ஓர் இடம். படி இறங்கிப் போக வேண்டும். அங்கே அவள் படுத்திருந்தாள். தூங்குகிற பிள்ளை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அமைதியாக. நான் முழந்தாளில் இருந்தபடியே தலையைத் திருப்பினேன்.

"நிக்கறாங்கன்னு சொன்னீங்களே?"

"நான் வந்தப்ப நின்னுக்கினுதான் இருந்தாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

அதுவும் அவர் வேண்டுமென்று சொன்னது இல்லை. வாய் பழகிப்போய்விட்டது. சொன்னதும் அவருக்கே தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வழியாகவே அழுகையும் வந்தது. அத்திப்பள்ளியிலிருந்து அடக்கிவைத்திருந்த எல்லாம் வந்தது. பிள்ளை பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே மெழுகுதிரி நிறுத்த மணல் போட்ட தொட்டி இருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வயதானவர், தமிழ் பேசினார். வளைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மணலில் ஆழமாக ஊன்றினால் நிற்கும் என்றார். பழைய இரண்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு மட்டும், துடைத்துவிட்டு ஏற்றிவிடு அம்மா என்றார்.

முந்தானை நுனியைச் சுருட்டித் துடைக்கப் போனேன். அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். அந்தப் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பினவை இல்லை. உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று ஒவ்வொரு வெள்ளிக்கும் புது இடம் பார்த்து வைத்திருந்தாள். ஒரு வரிசை கால் வரைக்கும் வந்து முடிந்ததும், மறுபடி உச்சியிலிருந்து அடுத்த வரிசை. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பெரிய மெழுகுதிரியில், கடைசி வரிசையில், ஓரிடத்தில் மட்டும் பொட்டுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக இருந்தன. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இரண்டு வருஷமும் என் பிள்ளைக்காக யாரும் வேண்டிக்கொள்ளவில்லை என்று நினைத்துத்தானே இத்தனை தூரம் நடுங்கிக்கொண்டு வந்தேன். முந்தானையை விட்டுவிட்டேன்.

"யாரும்மா வச்சது?" என்றார் கோயில்பிள்ளை.

"எங்க அக்கா."

மூன்றையும் வரிசையாக ஊன்றினேன். நாலு வயது தாண்டின பிள்ளையின் அளவு, அதற்கடுத்த அளவு, இந்த வருஷத்து அளவு. பக்கத்தில் அருள்செல்வி நின்றாள். என் வீட்டுக்காரர் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மெழுகு உருகி வழியும்போது குங்குமத்தையும் சேர்த்துக்கொண்டு சிவப்பாக இறங்கியது. பிலோமினம்மாள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு சத்திரத்தில் தங்கினோம். காலையில் கோவிந்தப்பனும் முனிவேலும் அரண்மனைக்குப் போய் வாசல்களை எண்ணிவிட்டு வந்தார்கள். எண்ணிக்கையை என்னிடம் சொல்லவில்லை.

திரும்புகிற வழியில் அத்திப்பள்ளி நெருங்கியது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் இடது ஓரமாகவே ஓட்டினார்.

"நிறுத்துங்க," என்றேன்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. கரியப்பன் கடை வாசலுக்கு வந்தார், இந்தத் தடவை தட்டு இல்லாமல். நான் பிள்ளையைக் கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

நாராயணம்மா சாமி மாடத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழோடு உட்கார்ந்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. மெழுகுதிரிகள் நின்ற இடம் காலியாக இருந்தது. என் நீலத் துணி மட்டும் மடித்தபடி இருந்தது. பிள்ளையைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். பெரிய மெழுகுதிரி நின்ற உயரத்துக்குக் கையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை பிள்ளையின் நெற்றிக்குக் கீழேதான் வந்தது. கையை மெல்ல உயர்த்தி உச்சந்தலையில் வைத்தாள்.

"இம்மாம் பெருசா வளந்துட்டாளா," என்றாள் தெலுங்கில். "நான் அந்த அளவுதான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அந்த நெருக்கமான பொட்டுகளைப் பற்றி நானே கேட்டேன். ஆடியில் ஒரு நாள் டிரைவர் வந்தாராம். மற்றவர்கள் கடையில் இருக்க, இவர் கிளாசைத் தொடாமல் இந்தப் பின்கட்டுக்கு வந்து மெழுகுதிரி பக்கத்தில் குந்திக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், இறங்கவே மாட்டேன் என்கிறது என்று அழுதாராம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது என்று இவள் தினமும் வைத்தாளாம். காய்ச்சல் நின்றதா என்று அதற்கப்புறம் அவர் வந்து சொல்லவே இல்லையாம்.

அவள் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேதக்காரப் பிள்ளை நெற்றியில் வைக்கலாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் அருள்செல்வியின் முகத்தைப் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தேன். நெற்றி நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

"பாகுந்தக்கா," என்றேன். முதல் நாள் அவள் கேட்டதற்கு.

வெளியே வந்தபோது மூன்று ஆண்பிள்ளைகளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கரியப்பன் தூணில் சாய்ந்து நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி உரித்த முட்டை ஒன்றை நாராயணம்மா பிள்ளை கையில் கொடுத்திருந்தாள். ஓசூர் வரும் வரைக்கும் அருள்செல்வி அதைத் தின்றுகொண்டு வந்தாள்.